சிங்குக்கு அடியில் இரண்டு கால்கள்

சிங்குக்கு அடியில் படுத்திருந்த பிளம்பரின் இரண்டு உள்ளங்கைகளும் உடைந்த குழாயை அமுக்கிக்கொண்டிருந்தன. விட்டால் சமையலறை குளமாகிவிடும். மாடித் தொட்டியின் வால்வை மூடப் போன வீட்டுக்காரர் இறங்கி வருவதாக இல்லை. அந்த நேரம் பார்த்து மேடைமேல் இருந்த அவன் போன் சிணுங்கியது.

"தம்பி, உங்க வீட்லேர்ந்து வாய்ஸ் மெசேஜ்," என்றாள் வீட்டுக்காரம்மா.

"போடுங்கக்கா."

மனைவியின் குரல் சீறிக்கொண்டு வந்தது. "ஊர்க் குழாயெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வீட்டுக் குழாய் மாசக்கணக்கா ஒழுகுது. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பஸ் கிளம்பறதுக்குள்ள பதில் வரலேன்னா தேடி வராதீங்க."

"உடனே கூப்பிடுங்கக்கா!" என்றான். வீட்டுக்காரம்மா அவன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. வாய்ஸ் அனுப்பலாம் என்று போனை அவன் பக்கம் நீட்டி, "சத்தமாப் பேசுங்க தம்பி!" என்றாள். "குழாய் உடைஞ்சிடுச்சு, மாடியில வால்வை மூடுற வரைக்கும் கைய எடுக்க முடியாது!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

பதில் வந்தது: "பொம்பளக் குரல் கேக்குது, தண்ணிச் சத்தம் கேக்குது. அருவியில குளியலா?"

"எழுதிடுங்கக்கா, எழுதிடுங்க!"

வீட்டுக்காரம்மா அவசரமாகத் தட்டினாள்: 'மன்னிக்கவும். வேலையில் மாட்டிக்கொண்டேன். தயவுசெய்து போக வேண்டாம்.'

வந்த பதிலை வாசித்துக் காட்டினாள். "'யாரு இது? எங்க வீட்டுக்காரர் ஜென்மத்துல மன்னிப்புக் கேட்டதில்ல.'"

இனி ஆதாரம்தான் வழி என்று, சிங்குக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்களையும் படம் பிடித்து அனுப்பினாள். அடுத்த நொடி வீடியோ காலே வந்துவிட்டது.

"அந்தக் காலைக் கிட்டக் காட்டுங்கக்கா... பேன்ட் ஓரத்துல ஊக்கு. நான் குத்துனதுதான். கைய எடுக்கவே முடியாதா அவரால?"

"முடியாதும்மா."

"எந்திரிச்சு ஓடவும் முடியாதா?"

"எங்கேர்ந்து ஓடறது?"

"அப்ப போனை அவர் காதுகிட்ட வைங்க."

அவள் வாயைத் திறந்தாலே பையைத் தூக்கிக்கொண்டு நழுவுகிற ஆள், இன்று வசமாகச் சிக்கியிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்தாள். அவன் 'உம்' கொட்டிக்கொண்டே கிடந்தான்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "மூடியாச்சு!"

"அக்கா, மேல இருக்கறவரை மறுபடி திறந்து விடச் சொல்லுங்க. நான் இன்னும் பாதிகூட முடிக்கல!" என்று போனிலிருந்து கத்தினாள் மனைவி.

தண்ணீர் நின்றுவிட்டது. ஆனால் அவன் கையை எடுக்கவில்லை.

"சொல்லு," என்றான். "கேட்டுட்டுதான் இருக்கேன்."



"பஸ் போயிடுச்சு," என்றாள். "திட்டுன வேகத்துல கவனிக்கல. வந்து கூட்டிட்டுப் போங்க."