முப்பத்தெட்டு வயது இரண்டாம் வகுப்பு மாணவன்

எங்கள் டெரிவோனா பள்ளியின் நூற்றாண்டு மலரில், பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "மிஸ் ஃபீரிக் 1955இல் தம் விருப்பப்படி பணியிலிருந்து விலகினார்." எழுதியவர் பங்குச் சாமியார். சாமியார் பொய் சொல்ல மாட்டார். ஆகவே மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. பள்ளியில் இரண்டே அறை, இரண்டே ஆசிரியர்கள். சிறுசுகளுக்கு மிஸ் ஃபீரிக். கை ஓங்கவே மாட்டாள். பெரிய பிள்ளைகளுக்கு மாஸ்டர் டோலன்; எடுத்த பிரம்பைக் கீழே வைக்கவே மாட்டார். அந்த வருடம் ஒரு குடும்பம் மூட்டை கட்டி இங்கிலாந்துக்குப் போய்விட, வருகைப் பதிவில் இரண்டு ஆசிரியர்களுக்கு வேண்டிய எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தது. தலை குறைந்தால் ஓர் ஆசிரியர் போக வேண்டும். மிஸ் போய்விட்டால் நாங்கள் அத்தனை பேரும் பிரம்பிடம் மாட்டுவோம். எனக்கு உருளைக்கிழங்குகூட இறங்கவில்லை.

மாஸ்டருக்கும் கலக்கம்தான். எங்கள் மேல் இரக்கம் ஒன்றுமில்லை. சிறுசுகளுக்கு மூக்குச் சிந்திவிடும் வேலை தன் தலையில் விழுமே என்ற பயம். பழைய பதிவேடுகளைக் குடைந்து ஒரு பெயரைப் பிடித்தார். மர்ட்டி ருவேன். இரண்டாம் வகுப்பு பாதியில், சதுப்பு நிலத்தில் எரிகட்டி, அதாவது விறகுக்குப் பதில் எரிக்கும் காய்ந்த மண்கட்டி, வெட்ட அப்பன் இழுத்துக்கொண்டு போனவன். அவன் பெயரை யாரும் அடிக்கவே இல்லை.

"சட்டப்படி அவன் இன்னும் நம்ம பையன்தான்," என்றார் மாஸ்டர்.

"அவனுக்கு முப்பத்தெட்டு வயசு சார்," என்றாள் மிஸ்.

"அதுக்கென்ன? கொஞ்சம் லேட்டா வந்திருக்கான்."

திங்கட்கிழமை மர்ட்டி வந்து, முழங்கால் காதைத் தொட, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். கணப்புக்கு நாங்கள் ஆளுக்கொரு எரிகட்டி கொண்டுபோவது வழக்கம். அவன் ஒரு கழுதை வண்டி நிறையக் கொண்டுவந்தான். அன்றுதான் அந்த அறையில் முதல்முறையாக என் கால் விரல்கள் சூடாயின.

வசந்தத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வரும் வழியில் அவர் கார் சதுப்பில் இறங்கிவிட, அந்தப் பக்கம் வந்த மர்ட்டிதான் கழுதையைப் பூட்டி வெளியே இழுத்துவிட்டிருந்தான். அரை மணி கழித்து இருவரும் வகுப்பில் முகத்துக்கு முகம்.

"எந்த கிளாஸ் தம்பி நீ?"

"ரெண்டாங் கிளாஸ் ஐயா."

"எவ்வளவு நாளா?"

"முப்பது வருஷமா ஐயா. பாடம் கொஞ்சம் கஷ்டம்."

இன்ஸ்பெக்டர் தன் சேறு படிந்த காலணியைக் குனிந்து பார்த்தார். "பையன் நல்லா வளர்ந்திருக்கான்," என்று எழுதிவிட்டுப் போனார். நான் துள்ளிக் குதித்தேன்.

எங்கள் ஊர் எவ்வளவு மடத்தனமான ஊர் என்று பிறகுதான் தெரிந்தது. மிஸ் எழுதுவதை மர்ட்டி பார்க்கவில்லை; மிஸ்ஸைத்தான் பார்த்தான்.

"மிஸ், மர்ட்டி போர்டையே பாக்க மாட்டேங்கிறான்," என்று கோள் சொன்னேன்.

"நீ முன்னாடி பாத்து உக்காரு டிம்ப்னா," என்றாள், முகமெல்லாம் சிவந்து.

ஆகஸ்டில் கல்யாணம். கல்யாணமான பெண் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவள் வேலையைக் காப்பாற்ற ஊரே கூடி, கல்யாணமாகாத ஒருத்தனைத் தேடிப் பிடித்து அவள் எதிரிலேயே உட்கார வைத்திருந்தோம்! புது மாப்பிள்ளை பெஞ்சுக்குத் திரும்பவில்லை. கணக்கில் தலை குறைந்ததால் மிஸ்ஸுக்குப் பதில் ஆளும் வரவில்லை.

கோயில் வாசலில் எல்லோரும் அரிசி தூவ, நான் அழுதேன். மிஸ் குனிந்தாள்.

"ஏண்டி அழற?"

"நீங்க ஏன் போகணும்?"

"கல்யாணம் ஆனா போகணும்டி. அது சட்டம்."

"மாஸ்டருக்கும் கல்யாணம் ஆயிருக்கே. அஞ்சு பிள்ளைங்க வேற. அவர் எப்ப போவாரு?"

சுற்றி நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மர்ட்டி வண்டியிலிருந்து கூப்பிட்டான்.

செப்டம்பரில் அவள் அறையைப் பூட்டினார்கள். முதல் நாளே மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, நீட்டிய கையில் ஆறு அடி கொடுத்தார். கோயில் வாசலில் கேட்ட கேள்விக்கு என்று அவரே காரணமும் சொன்னார்.