ஐந்தெழுத்துக்கு ஒன்பது கட்டம்

சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த தங்கைக்கு, கடைக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசை. வேறு ஆளிடம் கொடுக்க மனம் வரவில்லை. நாள் முழுக்கச் செயினைக் கழற்றி மாட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய வித்தையா என்று தானே இறங்கிவிட்டாள். இணையத்தில் கிடைத்த வீடியோப் பாடத்தைப் பார்த்து, இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் வேண்டியதையெல்லாம் ஏற்றினாள்.

அது அவளைப் படாத பாடு படுத்தியது. பக்கத்தைக் காட்ட வேண்டிய சர்வரை ஓடவிட்டால், அது சிவப்பு எழுத்தில் எதையோ திட்டிவிட்டு நின்றுவிடும். அழித்தாள், மறுபடி ஏற்றினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் பார்த்தால், பக்கங்களை வைத்திருந்தது ஒரு ஃபோல்டரில், சர்வரை ஓடவிட்டது இன்னொரு ஃபோல்டரில்.

"அடச்சே, இவ்வளவுதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை பக்கம் பளிச்சென்று திரையில் வந்து நின்றது. மேலே கடையின் பெயர், நடுவில் சிவப்பு சைக்கிள், கீழே கடை திறக்கும் நேரம். சந்தோஷம் தாங்காமல் பிரவுசரில் இருந்த முகவரியை அப்படியே எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். 'என் வெப்சைட்! ஃபோன்ல பாக்காத, கம்ப்யூட்டர்ல பாரு. பெருசா தெரியும்.'

அக்காவுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை. வாய் ஓயாது. அவள் வீட்டுக்காரர், தங்கைக்கு மாமா, அதற்கு நேர் எதிர். பல்செட் செய்யும் லேபில் நாளெல்லாம் தலை கவிழ்ந்து வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அப்படியே இருப்பார். அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்தால் மழை வரும் என்று தங்கை கேலி செய்வாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அலறியது.

"ஏண்டி, உனக்குக் கொழுப்பு ரொம்பத்தான் ஏறிப்போச்சு!" என்றாள் அக்கா.

"ஏன்க்கா, நல்லா இல்லையா?"

"சைக்கிள் கடைக்கும் என் துடைப்பத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

"துடைப்பமா?"

"குறுக்கெழுத்துப் புதிர் போட்டிருக்கியே! 'கோபம் வந்தால் இவள் கை முதலில் தேடுவது.' நான் கோபத்துல வீட்டப் பெருக்குறத ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா? அதையாவது ஒழுங்கா போட்டியா? துடைப்பம் அஞ்செழுத்து. நீ ஒம்பது கட்டம் போட்டு வெச்சிருக்க!"

பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தைப் பென்சில் தொடாமல் பேனாவாலேயே நிரப்புகிறவள் அக்கா. கேலி செய்ததைக் கூடப் பொறுத்துக்கொள்வாள் போலிருந்தது. கட்டம் தப்பானதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நான் புதிரே போடல. சிவப்பு சைக்கிள் தெரியலையா?"

"சைக்கிளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இன்னொண்ணு கேளு. 'தூக்கத்தில் இவள் சொல்லும் ஒரே வார்த்தை.' நான் தூக்கத்துல பேசுறேனா? உனக்கு எப்படிடி தெரியும்?"

தங்கைக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளக் கூடியவர் ஒருவர்தான். திரையின் மேலே இருந்த முகவரியைத் திரும்பப் பார்த்தாள். லோக்கல்ஹோஸ்ட், அதன் பின்னால் நாலு எண். 'இந்த முகவரிக்கு இதே கம்ப்யூட்டர் என்று அர்த்தம், வெளியே யாருக்கும் தெரியாது' என்று பாடத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தாள். அக்கா தட்டியதும் திறந்தது, அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு பக்கம்.

போன மாதம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பாடத்தை அவள் புகழ்ந்து தள்ளியபோது, தட்டிலிருந்து தலை நிமிராமல் மாமா கேட்டது நினைவு வந்தது. "எந்தப் பாடம்?" அதே பாடம் என்றால் அதே முகவரி, அதே நாலு எண்.

"அக்கா, மாமா எங்க?"

"அவசர வேலைன்னு லேபுக்கு ஓடினார். கம்ப்யூட்டரைக்கூட அணைக்கல. ஏன்?"

"நீ பாக்குறது என் பக்கம் இல்லக்கா. உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்குறது."

அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. தங்கை அறிய அது முதல் தடவை.

"அந்த மனுஷனா?" என்றாள். "அடுத்த வாரம் எங்க கல்யாண நாள்டி." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் எதையும் பாக்கல, சரியா? நீயும் மூச்சு விடாத."

அன்று சாயங்காலம் கடையை மூடும் நேரத்தில் மாமாவே கூப்பிட்டார். அவர் தானாக ஃபோன் செய்ததே கிடையாது.

"கட்டம் அதிகமா விழுதும்மா," என்றார், எடுத்த எடுப்பில். எந்தக் கட்டம், எதற்குக் கட்டம் என்று ஒரு விளக்கமும் இல்லை. சிரிப்பை அடக்க அவள் கையில் இருந்த கிரீஸ் துணியைக் கடிக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, தன் வெப்சைட்டைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, அதைக் காட்டும் சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா என்றைக்கும் இல்லாத பெருந்தன்மையோடு, "எனக்குத் துணி காயப்போடணும். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருங்க," என்று பால்கனிக்குப் போனாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். 'து' என்று மட்டும் அடித்து எண்ணச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் இரண்டு என்றது. 'ம்' அடித்தார்கள், அதற்கும் இரண்டு. வெறும் 'ப' அடித்தபோதுதான் ஒன்று என்றது.

"மாமா! 'த' தனியா, அதோட கொக்கி தனியா எண்ணுது. புள்ளியையும் ஒரு எழுத்தா எண்ணுது!"

மாமா தலையை ஆட்டினார். "பல்லோட ஈறையும் சேர்த்து எண்ணின மாதிரி." புள்ளியும் கொக்கியும் வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடு என்று நிரலில் எழுதினார்கள். ஒரு முறை எல்லாக் கட்டமும் காணாமல் போயிற்று. இன்னொரு முறை மொத்தப் புதிருக்கும் ஒரே கட்டம் வந்தது. மாமா நகத்தைக் கடித்தபடி ஒரு அடைப்புக்குறியை இடம் மாற்றினார்.

பால்கனிக் கதவு திறந்தது. "ஆச்சா? அஞ்சு கட்டம் வந்துருச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மனைவியைப் பார்த்தார், மச்சினியைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"எல்லாம் இவளால. இவ அனுப்பின லிங்க்தான் காட்டிக்கொடுத்துச்சு," என்று அக்கா தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். மளமளவென்று நிரப்பினாள். துடைப்பம் ஐந்து கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. தூக்கத்தில் சொல்லும் வார்த்தையில்தான் தடுமாறினாள்.

"உங்க பேரா?" என்று கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தார். "ஆறெழுத்து. 'அடுத்தவர்!' பேஷண்டைக் கூப்பிடுற மாதிரியே சத்தமா கூப்பிடுற. பக்கத்துல படுத்திருக்கிற எனக்கு எப்படி இருக்கும், சொல்லு!"

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

சாயங்காலம், உள்ளூர்க் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் பக்கத்தை வெளியுலகம் பார்க்கும்படி ஏற்றுவது எப்படி என்று மாமா காட்டிக்கொடுத்தார். அவர் ஏற்கெனவே அந்தப் பாடத்தைத் தாண்டியிருந்தார். தங்கையின் சிவப்பு சைக்கிள் இந்த முறை அக்காவின் ஃபோனிலேயே வந்தது. "திறக்கும் நேரத்துல ஒரு ஒற்று விட்டுப்போச்சு," என்றாள் அக்கா உடனே. தங்கை அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் வழியாக ஒரு செய்தி வந்து விழுந்தது. பின் சக்கரம் பஞ்சர், நாளைக்குக் கடை உண்டா என்று முன்பின் தெரியாத யாரோ கேட்டிருந்தார்கள்.

"உண்டு, உண்டு!" என்று தங்கை திரையைப் பார்த்தே கத்தினாள். பிறகு உட்கார்ந்து, நிதானமாக, ஒற்றெல்லாம் சரிபார்த்துப் பதில் எழுதினாள்.