படகுத்துறைக்கு எதிராகப் பேசப் போனவள்

தம்புசாமி அண்ணன் ஏழு மாலை கேட்டிருந்தார். ஆறு சாதாரணம், ஒன்று பெரியது. ரோஜாவை அடர்த்தியாக வைத்து, நடுநடுவே சம்பங்கி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை மண்டபத்தில் படகுத்துறைக் கூட்டம் என்பது கிள்ளான் டவுனில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கடை வரிசைக்குப் பின்னால் ஓடும் ஆற்றில், பொதுமக்கள் வந்து போக ஒரு படகுத்துறை கட்டப் போகிறார்கள். கட்டினால் எங்கள் வரிசை இருக்காது. அதை எதிர்த்துப் பேச வரிசையே கூடித் தேர்ந்தெடுத்த ஆள் நான். கூட்டத்துக்கு மாலை கட்டிக் கொடுக்கிற ஆளும் நானேதான். "அந்தப் பெரிய மாலையில ரெண்டு முள்ள விட்டு வை, க்கா, போட்டுக்குறவன் கழுத்துல குத்தட்டும்" என்றாள் பக்கத்து வடைக்கடை குமுதா. வியாபாரம் வேறு, சண்டை வேறு என்று பெரிய மனுஷி போலப் பதில் சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மை என்னவென்றால், தம்புசாமி அண்ணனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆபீஸெல்லாம் பூட்டிக் கிடந்த பெருநாள் விடுமுறை நேரத்தில் என் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் மாறி மாறி ஓடி, உடலை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். கருமாதி வரைக்கும் கூடவே நின்றார். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோவில் திருவிழா, ரத்ததானம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எதிலும் முன்னால் நிற்கிற மனிதர், இப்போது இந்தத் திட்டத்தை எடுத்திருக்கும் கம்பெனிக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பாலமாக இருக்கிறாராம். பாலம் என்றால் எல்லாரும் ஏறி மிதிப்பார்கள் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் மலாய்தான் காரணம். வரிசையில் மற்றவர்கள் பேசுவது பாசார் மலாய், கடைத்தெருக் கொச்சை. நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள். சொல்ல வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை. எங்களைக் கார் நிறுத்தும் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மாற்றப் போகிறார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் பூ வாங்க மாடி ஏறுவார்களா? படகுத்துறை வரட்டும், அதற்குள்ளேயே தரையில் எங்களுக்கு ஒரு வரிசை கொடுங்கள். இவ்வளவுதான். பூ தொடுக்கும்போதெல்லாம் இதை மலாயில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் படகுத்துறையின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. ஆறு நீலமாக இருந்தது. கரை நெடுகிலும் விளக்கு, மரத்தடியில் பெஞ்சு, வெள்ளைப் படகுகள், கைப்பிள்ளையோடு ஒரு தாய். இத்தனை வருடமாக ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் கடை வைத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர், மிதந்து போகும் பிளாஸ்டிக் புட்டி. அந்தப் பெஞ்சில் ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டுக்கொண்டே படம் முழுக்க எங்கள் கடையைத் தேடினேன்.

முதலில் பேசினவன் தனேஷ். குமுதாவின் அக்கா மகன், போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். "இந்த ஆத்துப் பக்கம் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போறோம். இது வந்தாத்தான் சுத்தம் பண்ணுவாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு இங்கேயே வேல கெடைக்கும். எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னா எப்படிலா?" என்றான். கை தட்டினார்கள். குமுதா தட்டவில்லை, ஆனால் அவன் சொன்னது தப்பு என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு தையல் சாமான் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவர், வெள்ளம் வந்தால் உங்கள் படகுகள் என் கடைக்குள்தான் வந்து நிற்கும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனி அதிகாரியும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். ஆளுக்கு இரண்டு நிமிடம். முடிந்ததும் ஒரு பெண் மணி அடித்தாள்.

அடுத்தது என் முறை என்று எழுந்தேன். அதற்குள் தம்புசாமி அண்ணன் மேடை மைக்கைப் பிடித்துவிட்டார். "ஒரு நிமிஷம். மேல பேசுறதுக்கு முன்னால நம்ம வியாபாரிங்க சார்பா ஒருத்தருக்கு மரியாத பண்ணணும். புருஷன் போன பெறகும் தனியா நின்னு கடைய நடத்துற நம்ம தங்கச்சி, லோகேஸ்வரி!"

மேடைப் பக்கமாக என்னை யாரோ தள்ளிவிட்டார்கள். மேடையில் ஏறினதும் அந்தப் பெரிய மாலை என் கழுத்தில் விழுந்தது. மேலே ஒரு பொன்னாடை. மாலை விழுந்த உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம், நானும் கையைத் தூக்கினேன். அண்ணன் மெல்லத் தடுத்தார். "இருக்கட்டும்மா. போட்டோ எடுக்குறாங்க."

"அண்ணே, நான் பேச வந்திருக்கேன்."

"பேசு, பேசு. யாரு வேணாங்குறது? ரெண்டு வார்த்த நல்லதா பேசிரு."

அவர் கண்ணில் துளி கள்ளம் இல்லை. எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தது எனக்கு, கோபத்தை வைக்க இடம்தான் இல்லை. மேடைக்குக் கீழே, நடைபாதையில், தரையோடு ஒயர் ஓட ஒரு மைக் நின்றது. மாலையோடு இறங்கி அதன் முன்னால் போய் நின்றேன். கழற்றினால் அவர் முகத்தில் எறிந்த மாதிரி இருக்கும். கழற்றாவிட்டால் கல்யாணப் பெண் போல இருக்கும். அப்படியே நின்றேன்.

பேச ஆரம்பித்தால் யார் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பதைப் பள்ளியில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பட்டம் முதலில், சின்னப் பட்டம் பிறகு. நம் கூட்டங்களிலும் அப்படித்தான், ஒரு பெயர் விட்டுப்போனால் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மேடையில் இருந்த ஆறு பேருக்கும் பட்டத்தோடு, தகப்பன் பெயரோடு வணக்கம் சொன்னேன். மாலை போட்டவருக்கு நன்றி சொல்லாமல் எப்படி? சொன்னேன். சொல்லும்போது அந்தப் பெருநாள் நினைவு வந்து பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்தேன். கூட்டம் அதைப் பார்த்துக் கை தட்டியது. தட்டி முடியட்டும் என்று காத்திருந்தேன். திட்டத்தை மக்களிடம் கொண்டுவந்து கருத்துக் கேட்டதற்கு, மரியாதைக்காக, கம்பெனிக்கும் ஒரு நன்றி சொன்னேன். இனி விஷயத்துக்கு வரலாம் என்று மூச்சை இழுத்தேன்.

மணி அடித்துவிட்டது.

"இன்னும் முடிக்கலைங்க" என்று மலாயில் சொன்னேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது, மைக்கை நிறுத்திவிட்டிருந்தார்கள். மேடையில் அதிகாரி எழுந்து, வியாபாரிகள் தந்த ஆதரவு நெஞ்சைத் தொட்டது என்று சொல்லி எனக்கு நன்றி கூறினார். மறுபடியும் கைதட்டல். தம்புசாமி அண்ணன்தான் எல்லாரையும் விட ஓங்கித் தட்டினார்.

அடுத்து, மைக் முன்னால் வரிசையாக நின்றவர்கள் பேசினார்கள். நான் கடைசியில் போய் மறுபடி நின்றேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வந்து, அக்கா ஏற்கெனவே பேசிவிட்டீர்கள், மற்றவர்களுக்கு விடுங்கள் என்று மலாயில் பணிவாகச் சொன்னாள். அவ்வளவு பணிவாகச் சொன்னால் என்ன செய்வது? ஒதுங்கி நின்றேன். கூட்டம் முடிந்தது, எல்லாரும் சாப்பிடலாம் என்று அறிவித்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. மீ ஹூன் சேமியா வாசனை வந்தது.

குமுதா கையில் தட்டு இல்லாமல் வந்தாள். எங்கள் வரிசை ஆட்கள் அவள் பின்னால் நின்றார்கள்.

"க்கா, கடையப் பத்தி எப்ப சொன்ன? எனக்கு வெளங்கலையா, இல்ல நீ சொல்லவே இல்லையா?"

"சொல்லல."

அவள் திட்டியிருக்கலாம். என் தோளில் நழுவிக் கிடந்த பொன்னாடையை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அதிகாரிகள் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. தம்புசாமி அண்ணனோடு நின்றும் உட்கார்ந்தும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக் இன்னும் நடைபாதையிலேயே இருந்தது. அதன் ஒயரை ஒலிபெருக்கிக்காரர் அந்தக் கோடியில் குனிந்து, முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒயர் என் பக்கமாகத் தரையில் ஊர்ந்து போனது.

செருப்புக் காலை அதன் மேல் வைத்தேன்.

அவர் ஒரு தடவை இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். பிறகு சுற்றிய வளையங்களோடு நிமிர்ந்து, ஒயர் வந்த வழியே பார்த்துக்கொண்டு வந்து, என் காலிலும் அங்கிருந்து மாலையிலும் கண்ணை நிறுத்தினார். நான் காலை எடுக்கவில்லை.