பதினாலு பேர் போட்ட சத்தம்

1972 சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தனக்குக் காது போய்விட்டது என்று சனாவுல்லா முடிவு செய்தார்.

காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் அவருக்கு மைக் செட் கடை. கல்யாணம், தர்கா உரூஸ், கட்சிக் கூட்டம், கருட சேவை எதுவானாலும் அவருடைய ஹாரன்கள்தான் மரத்தில் ஏறும். இருபத்திரண்டு வருஷமாக அவற்றின் பக்கத்திலேயே நின்றதில் இடது காதில் ஒரு ரீங்காரம் குடியேறியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்தில் மைக் ஊளையிட்டது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியச் சில நொடிகள் ஆயின.

அன்றிலிருந்து பயம். கடையில் தெரிந்த பாட்டுகளையெல்லாம் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் கேட்டது. ஆனால் தெரிந்த பாட்டை மனசே பாடிவிடுகிறது. காது கேட்டதா, மனசு பாடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தச் சமயத்தில்தான் கலியாணசுந்தரம் ஒரு ரிக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். நான்கு வருஷம் மேற்கு ஜெர்மனியில் இருந்துவிட்டுத் தை மாதம்தான் ஊர் திரும்பியிருந்தார். வந்த இடத்தில் பிளேயர் சுற்றாமல் நின்றுவிட்டது. கூடவே ஒரு ரிக்கார்டையும் மேஜைமேல் வைத்தார்.

"சரி பண்ணிட்டு இதப் போட்டுப் பாருங்க பாய். ஜாஸ்னு சொல்லுவாங்க. நான் நேர்ல உக்காந்து கேட்ட கச்சேரி. மேடையில வாசிக்கிறப்பவே பதிவு பண்ணாங்க. மொத்தம் பதினாலு பேரு."

உள்ளே இருந்த சக்கரத்தின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. சனாவுல்லா புது ரப்பர் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அந்த ரிக்கார்டை வைத்தார்.

கைதட்டல் கேட்டது. அது அடங்குவதற்குள் ஏழெட்டு சாக்ஸபோன்கள் ஒன்றாக அலறின. அதற்கு மேலே டிரம்பெட்டுகள், கீழே இரண்டு டிரம்ஸ், நடுவில் பியானோவை யாரோ கையால் குத்துவதுபோல ஒரு சத்தம். பிடித்துக்கொள்ளத் தாளம் இல்லை. ஒரு மெட்டு ஆரம்பிப்பது போலிருக்கும். அடுத்தவன் அதன்மேல் ஏறி மிதித்துவிட்டுப் போவான். சனாவுல்லா வேகத்தைச் சோதித்தார், சரியாக இருந்தது. ஊசியைத் துடைத்தார். வேறு ஸ்பீக்கரில் கொடுத்துப் பார்த்தார். அதே அலறல். கடையிலிருந்த பழைய பாட்டு ரிக்கார்டு ஒன்றை வைத்தார். தேன் மாதிரிக் கேட்டது.

மனசுக்குத் தெரியாத முதல் சங்கீதம் இது. அதனால்தான் காதின் லட்சணம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு அவர் மனைவி தாஹிரா வந்தாள்.

"சும்மா கொஞ்ச நேரம் இதக் கேளு. இன்னா கேக்குதுன்னு சொல்லு."

தாஹிரா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"பாட்டாவா கேக்குது?"

"ஆமா, இனிமையா இருக்குது. கொஞ்சம் வேகமா வாசிக்கிறாங்க, அவ்ளோதான்."

அவள் போன பிறகு அவர் தூக்கைத் திறக்கவேயில்லை. வைகாசியில் கோயில் உற்சவத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு என்ன தொழில் செய்வது என்று யோசித்தார்.

நாலு மணிக்குக் கலியாணசுந்தரம் வந்தார். தட்டு சுற்றுவதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அலறல் ஏற ஏற அவருடைய கால் ஆடியது. சனாவுல்லாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சார், உங்களுக்கு இன்னா கேக்குது?"

"ஏன் பாய்?"

"எனக்குக் காது போயிடுச்சு சார். பதினாலு பேரு தெருச் சண்டையில கத்திக்கினு இருக்கிற மாதிரி கேக்குது. எங்க வீட்ல கேட்டுட்டு இனிமையா இருக்குதுன்னு சொல்றா."

கலியாணசுந்தரம் ஊசியைத் தூக்கினார். "இனிமையாவா?"

"ஆமா சார்."

"பாய், எனக்கும் கத்துற மாதிரிதான் கேக்குது. வேணும்னேதான் கத்துறாங்க! அன்னிக்கு ஹால்ல பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்க. உங்க காது போயிருந்தா இது உங்களுக்கு இனிமையா கேட்டிருக்கும்."

சனாவுல்லா ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தவன் எழுந்து போன மாதிரி இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கி, நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தாஹிரா! இங்க வா!"

அவள் பதறிக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலைகுனிந்தாள்.

"ஒரு மாசமா இடது பக்கமா கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்ல. எனக்குத் தெரியாதா? நல்லா இல்லன்னு சொன்னா, ரிப்பேரு சரியா பண்ணலைன்னு நெனச்சி ஒடஞ்சிடுவீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நெஜமா சொல்றேன், எனக்குத் தலையே வெடிச்சிடும் போல இருந்துது," என்றாள்.

கலியாணசுந்தரம் ரிக்கார்டை முதலிலிருந்து வைத்தார். இந்த முறை பயமில்லாமல் சனாவுல்லா கேட்டார். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை, சத்தம் எல்லை மீறாமல் பிடித்து வைப்பது. குமிழைத் திருகித் திருகி விரல் தேய்ந்துபோனவர். இங்கே பதினாலு பேர் ஒரு குமிழும் இல்லாமல், மூச்சு முட்டும் மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க, அவர்கள் ஒருவரையொருவர் மிதிக்கவில்லை என்று தெரிந்தது. ஒருவனுக்கு மூச்சு அறும் இடத்தில் இன்னொருவன் சரியாக வந்து தாங்கினான். அது தற்செயல் இல்லை. அப்படித் தாங்க வேண்டுமானால் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

திடீரென்று எல்லாரும் நிறுத்தினார்கள். பெரிய வயலின் ஒன்று மட்டும் அடித்தொண்டையில் உறுமியது.

"சார், இங்க ஒருத்தர் ஷூவால தரையத் தேய்க்கறாரு."

"எங்க? நான் இவ்ளோ தடவ கேட்டும் கவனிச்சதில்லையே."

ஊசியைப் பின்னால் வைத்து மறுபடி கேட்டார்கள். மெல்லிய சரசரப்பு, இரண்டு முறை. கலியாணசுந்தரம் வாயைப் பிளந்தார். அதற்குள் பதினாலு பேரும் மறுபடி ஒன்றாக எழுந்தார்கள். அந்த அலை வந்து மோதியபோது சனாவுல்லா தன்னையறியாமல் "வாஹ்!" என்று கத்திவிட்டார். தாஹிரா துள்ளி விழுந்தாள். தெருவில் போன நாலு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களையும் உள்ளே வரச் சொன்னார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "செட்டு ரிப்பேரா பாய்?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லபா, நல்லா இருக்குது!" என்றார் சனாவுல்லா. அந்த வார்த்தையைச் சொல்லவே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை தாஹிரா விடாப்பிடியாக அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் இடது காதிலிருந்து கல்லாக இறுகிக்கிடந்த அழுக்கைக் கழுவி எடுத்தார். அந்தக் காது கொஞ்சம் மந்தம்தான், ரீங்காரம் முழுசாகப் போகாது, ஹாரன் பக்கத்தில் நிற்காதீர்கள் என்றார். வலது காதில் ஒரு குறையும் இல்லை. வெளியே வந்ததும் தாஹிரா சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கமாக வந்து நடந்தாள். அவளுக்குச் சொல்ல ஏகப்பட்ட விஷயம் இருந்தது.