சந்தைக்கு வந்த சமாதானம்

சாந்தோமில் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் சுட்டுக்கொண்டார்கள்; பழவேற்காட்டில் விறகு விலை ஏறியது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில் வெடிமருந்து இடிக்கக் கரி வேண்டும், கரிக்கு விறகு வேண்டும். ஸ்ரீஹரிகோட்டைக் காட்டிலிருந்து படகில் வந்த விறகையெல்லாம் அவர்களே கரையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். கூடவே தங்க வராகனின் விலையும் ஏறியது. ஏன் என்று நாணயம் மாற்றும் செட்டியாரைக் கேட்டால், சண்டைக்குப் பயந்து எல்லோரும் தங்கத்தைப் புதைக்கிறார்கள் என்றார். அவரும் புதைத்திருந்தார்.

சந்தையில் மிச்சமிருந்த விறகு எல்லப்பனுடையது. தெற்கே இடி இடித்தாலும் பீரங்கி என்று சொல்லி விலையைக் கூட்டுவார்.

கோட்டைக்குப்பத்து அம்மணிக்கு அன்று ஏரி வாரிக் கொடுத்திருந்தது. அவளும் புருஷன் சடையனும் கையால் துழாவிப் பிடித்த இறால், கூடை கூடையாக. வானம் மூடிக் கிடந்ததால் காயப்போட வழியில்லை. உப்பிட்டு அவித்தால் தாங்கும். இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் நாறிவிடும். எல்லப்பன் சொன்ன விலைக்கு இறாலோடு கூடையையும் கொடுத்தாலும் போதாது. கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.

"சண்ட போடறது நானாம்மா? சாந்தோமுக்குப் போயி கேளு," என்றார் எல்லப்பன்.

அப்போதுதான் போலய்யா படகிலிருந்து இறங்கினான். தெலுங்குக்காரன், கோட்டைக்குச் சாமான் ஏற்றி இறக்குபவன். யாரோ சேதி கேட்டதற்கு, ஒல்லாந்தரின் தலைமை இருக்கும் பத்தாவியாவிலிருந்து கப்பல் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "சமாதானம் வச்சிந்தி" என்றான்.

சமாதானம் வந்துவிட்டது என்று சந்தையே கூவியது. பிறகு ஓடியது. செட்டியார் வராகன் விலையை இறக்கினார். எல்லப்பன் கணக்குப் போட்டார். சண்டை நின்றால் காட்டு விறகெல்லாம் கரையில் வந்து குவியும். தன் விறகை யார் சீண்டுவார்கள்? அம்மணியைக் கைதட்டிக் கூப்பிட்டு, பாதி விலை என்றார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். கால் விலை என்றார். மடியை அவிழ்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, அவளும் சடையனுமாக அத்தனை விறகையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் இறால் வெந்துகொண்டிருந்தபோது எல்லப்பன் மூச்சிரைக்க வந்தார். தெலுங்கில் சமாதானம் என்றால் பதில் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கோட்டைத் தளபதி எப்போதோ சாராயப் பீப்பாய் கேட்டு பத்தாவியாவுக்கு எழுதியிருந்தாராம்; இல்லை என்று பதில் வந்திருந்தது. சண்டை சௌக்கியமாக நடந்துகொண்டிருந்தது.

"அப்பன நைனானு கூப்புடற தெலுங்கு வூட்டுப் பொண்ணு நீ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீ வெலயத்தான் சொன்ன. அர்த்தம் கேக்கலியே."

விறகைத் திருப்பிக் கேட்கலாமென்றால் அது பானைக்கு அடியில் தணலாகக் கிடந்தது. அம்மணி ஒரு கை இறாலை இலையில் வைத்து நீட்டினாள். கோபத்தில் இருப்பவர் வாங்கக் கூடாதுதான். ஆனால் வாசனை பலமாக இருந்தது. தின்றுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று கடுமையாகச் சொல்லி, இன்னொரு கை வாங்கிக்கொண்டார்.

மறு வருஷம் பிரெஞ்சுக்காரர் சாந்தோமை விட்டுப் போனார்கள். சமாதானம் வந்துவிட்டது என்று ஊரே சந்தைக்கு ஓடிவந்து சொன்னது. எல்லப்பன் விறகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எந்த பாஷையில் என்று கேட்டார்.