நாலு டிகிரி

நெவ் நீட்டிய பீர் டின்னுக்குள் ஐஸ் இருந்தது. உள்ளேயே பீர் பாதி உறைந்து, டின்னின் அடிப்பக்கம் வீங்கிப் போயிருந்தது. ஒரு வாய் குடித்ததும் பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. வெயிலாவது அடிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒரு வாரமாக வானம் அழுக்குப் போர்வையாக மூடிக் கிடந்தது, மழையும் பெய்யவில்லை. ஆற்றங்கரையில் ஒரு இலை அசையவில்லை.

"எப்படி?" என்றான் நெவ். முகமெல்லாம் சிரிப்பு.

"யோவ், பீர் குடுன்னா பனிக்கட்டியக் குடுக்கற. பல்லு போனா நீயா கட்டித் தருவ?"

"பொறாமை, கோரல், உனக்கு. உன் ஐஸ் பெட்டிக்குள்ள இப்ப என்ன நீந்துது, தவளையா?"

ரேலீன் சிரித்தாள். வேனின் பக்கக் கதவு திறந்திருக்க, அவள் மடக்கு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "விடு கோரல், அவனுக்கு என்னைக் கட்டிக்கிட்டப்பக்கூட இவ்வளவு பெருமை இல்ல" என்றாள். கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். அது காலியாக இருந்ததை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வெக்கையில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது?

எங்கள் ஆற்றங்கரையில் காசு கொடுக்காமல் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். குளிர்காலத்தில் திருவிழாக் கூட்டம்தான். ஓய்வு பெற்றவர்கள் வீட்டையே இழுத்து வருவதுபோல் பெரிய பெரிய கேரவன்களோடு வந்து இறங்குவார்கள். சாயங்காலம் ஐந்து மணியானால் அவரவர் நாற்காலி, அவரவர் பாட்டிலோடு வட்டம் கட்டி உட்காருவது இங்கே வழக்கம். ஆம்பிளைகள் பேர் சொல்லிக் கை குலுக்கிய கையோடு பேட்டரி எத்தனை ஆம்பியர், ஃப்ரிட்ஜ் எந்த மாடல் என்று ஆரம்பித்துவிடுவார்கள். பேரப்பிள்ளை போட்டோ காட்டுவதுபோல் ஃப்ரிட்ஜ் மூடியைத் திறந்து காட்டுவார்கள். அக்டோபர் பிறந்து சூடு ஏற ஆரம்பித்தால் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பி வீடு போய்ச் சேருவார்கள். உச்சக் கோடையான ஜனவரியில் இங்கே கிடப்பவர்கள் யார் என்றால், போய்ச் சேர வீடு இல்லாதவர்கள். இந்த வருஷம் நான் ஒருத்தி குடியிருக்கும் பழைய காரும் இவர்கள் வேனும் மட்டும்தான்.

நெவ் பஸ் டிரைவராக இருந்தவன். பிள்ளை பிறந்ததிலிருந்து வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரன் விற்றுவிட்டான். வேறு வீட்டுக்கு எங்கே போனாலும் வரிசையில் நாற்பது பேர். மகள் ட்ரூடி பிரிஸ்பேனில் இருக்கிறாள். "அம்மாவுக்கு ஒரு ரூம் இருக்கு" என்றாள். அப்பாவுக்கு இல்லை என்று அவள் வாயால் சொல்லவில்லை. மருமகனுக்கும் நெவ்வுக்கும் ஆகாது. ரேலீனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும், இன்சுலின் குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும். "வேன்ல எப்படிப்பா வைப்ப?" என்று ட்ரூடி கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் நெவ் தன் மீன்பிடி படகை விற்று, பேட்டரியில் ஓடும் இந்தப் பெட்டி ஃப்ரிட்ஜை வாங்கினான். அது கெட்டுப்போனால் ரேலீன் பிரிஸ்பேன் போக வேண்டும், அவன் தனியாக இருக்க வேண்டும். இருவருக்கும் அது தெரியும். வேறு எதுவும் அந்த வேனில் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படவில்லை.

பார்த்துக்கொண்டான் என்றால் அப்படி இப்படி அல்ல. மற்றவர்கள் மெல்லிய வயரை இழுத்துவிட்டு, பேட்டரி நிறைய இருந்தும் ஃப்ரிட்ஜ் பாதி ராத்திரியில் நின்றுபோகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கிவிடும், பேட்டரி காலி என்று ஃப்ரிட்ஜ் தானே அணைந்துவிடும். நெவ் கட்டைவிரல் தண்டிக்கு வயர் போட்டிருந்தான். பக்கத்துக்கு நாலு விரல் காற்று போக இடம் விட்டான். பகலில் மேலே ஈரத்துணி போர்த்தினான். யாராவது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் போச்சு. "என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டுத் திற! குளிரு கொட்டுதுல்ல!" என்று கத்துவான். காலையில் எழுந்ததும் திரையில் எண்ணைப் பார்ப்பான். நாலு டிகிரி. "நாலு!" என்று எனக்குக் கேட்கும்படி ஒரு சத்தம். எனக்கு அதுதான் அலாரம்.

மேகம் மூடியதும் வேன் கூரைமேல் இருந்த சோலார் பலகை படுத்துவிட்டது. சூடோ குறையவில்லை, ஃப்ரிட்ஜ் மூச்சு விடாமல் ஓடியது. நெவ் அதற்கும் வழி வைத்திருந்தான். தினமும் மத்தியானம் வேனை எடுத்துக்கொண்டு ஊர்வரை போய் வருவான். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தாராளமாக வரும் அல்லவா, அப்போது ஃப்ரிட்ஜை ஒரேயடியாக மைனஸ் பன்னிரண்டுக்குத் திருப்பிவிடுவான். உள்ளே இருக்கிற தண்ணீர் பாட்டிலெல்லாம் கல்லாகிவிடும். ராத்திரி அணைத்துவிடுவான். அந்த ஐஸ் மெல்ல உருகி, விடிவதற்குள் நாலு டிகிரிக்கு வந்து நிற்கும்.

"பேட்டரியில சேத்து வைக்க முடியலையா, குளிராவே சேத்து வெச்சிட்டேன்" என்றான். "எப்படி மூளை?"

வண்டியில் வாழ்கிறவர்கள் நிறையப் பேர் செய்கிற வேலைதான். இறைச்சிக்கும் பீருக்கும் அதில் ஒரு கெடுதலும் இல்லை. ரேலீனின் இன்சுலின் ஊசிப் பேனாக்கள் அவனுடைய பழைய கால்பந்துக் காலுறைக்குள், ஒரு சாப்பாட்டு டப்பாவில், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இருந்தன. அங்கேதான் நன்றாகக் குளிரும் என்று அவனே பார்த்து வைத்த இடம்.

வெள்ளிக்கிழமை ரேலீன் என் காருக்கு வந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. உட்கார்ந்த இடத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தாள், இரண்டு தடவை புதர்ப்பக்கம் போய் வந்தாள். சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக் காட்டினாள். எண் இல்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்ற எழுத்து மட்டும் இருந்தது.

"ஊசி போட்டியா இல்லையா?"

"போட்டேன். கூடவும் போட்டேன். தண்ணியப் போட்ட மாதிரி இருக்கு. சூட்டுக்குத்தான்னு நெனக்கிறேன். நெவ்கிட்ட மூச்சு விடாத."

"ஏன், அவன் என்ன கடிச்சா வைப்பான்?"

"ஃப்ரிட்ஜத்தான் சந்தேகப்படுவான். பிரிச்சுப் போட்டு உக்காந்துருவான். அப்புறம் ட்ரூடிக்கு போன் பண்ணுவான். அவனே என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வருவான், கோரல். என்னை விட்டுட்டு அவன் என்னத்தத் திம்பான் சொல்லு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. நீ வரலன்னா முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் "நாலு!" என்ற சத்தம் கேட்கவில்லை. நெவ் என் பேரைத்தான் கத்தினான். போய்ப் பார்த்தால் வேனுக்குள் வாந்தி, ரேலீன் கண் சொருகிக் கிடந்தாள். ஓடி வந்தவள் மாதிரி பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகிய பழ வாசனை. ஊர் ஆஸ்பத்திரிக்கு அவன் ஓட்டிய ஓட்டத்தில் வேனிலிருந்த பாத்திரமெல்லாம் என் மேல் விழுந்தன. நான் அவள் தலையை மடியில் பிடித்திருந்தேன்.

சின்ன ஆஸ்பத்திரி. மரீ என்ற நர்ஸ் எங்கள் மூவரையும் அறிந்தவள். ஊசி குத்தி, பாட்டில் தொங்கவிட்டு, டாக்டரிடம் போனில் பேசி, பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் விமானத்துக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் நெவ் அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தான், தன் பக்க நியாயத்துக்குச் சாட்சி போல.

"ஒரு நாள்கூட சூடு ஏறல சிஸ்டர். தெனமும் காலையில நாலு டிகிரி. கோரலக் கேளுங்க."

"ஏறல, சரி. எப்பவாவது உறைஞ்சுச்சா?"

"ஏறவே இல்லங்கறேன்..."

"நெவ், நான் அதக் கேக்கல. பூஜ்யத்துக்குக் கீழ போச்சா?"

அவன் சற்று யோசித்தான். நல்ல பதில் தன்னிடம் இருக்கிறது என்று நினைத்தவன் முகம். "மத்தியானத்துல போவும். மைனஸ் பன்னெண்டு வரைக்கும். உறைஞ்சா நல்லதுதான? கெடாம இருக்கும்ல?"

மரீ டப்பாவை மூடினாள். "உறைஞ்சா இன்சுலின் செத்துப்போச்சு. உருகின பொறவு பாக்க அப்படியேதான் இருக்கும். ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது" என்றாள். கடிந்து பேசவில்லை, பாவி. கடிந்திருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியாவது இருப்பான். எனக்கு அந்த பீர் டின்னின் வீங்கிய அடிப்பக்கம் ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விமானத்தில் துணைக்கு ஆள் ஏற இடமில்லை. மேற்கே பெய்த மழைத் தண்ணீர் இறங்கி வந்து பிரிஸ்பேன் ரோட்டின் ஓடைப் பாலத்தை மூடிவிட்டது, இரண்டு மூன்று நாளைக்கு வண்டி போகாது என்றார்கள். ரேலீன் கண் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது நெவ் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், கொடுக்க மறந்துவிட்டான். "எதுவானாலும் போன் பண்ணுவாங்க. ஊருக்குள்ளயே இருங்க" என்று மரீ இரண்டு முறை சொன்னாள். அவன் தலையாட்டினான். ஆட்டிவிட்டு நேராக ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும்.

பழக்க தோஷத்தில் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. போன் சட்டைப்பையில் இருந்தது, அதன்மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ், எந்திரி. மேட்டுக்குப் போலாம். ட்ரூடி கூப்பிட்டிருப்பா."

போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சரி, நீ வர வேணாம். போனக் குடு, நான் போய் பாத்துட்டு வரேன்."

"வேணாம் கோரல்."

"என்ன வேணாம்? பொண்டாட்டி எப்படி இருக்கான்னு தெரிய வேணாமா உனக்கு?"

"இங்க போன் அடிக்காது" என்றான். "அடிக்காத வரைக்கும் இருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஐந்து மணி ஆகியிருக்கும். என் நாற்காலியைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ரேலீனின் நாற்காலி எதிரே கால் நீட்டியபடியே கிடந்தது, அதன் கைப்பிடி ஓட்டையில் காலி பாட்டில்.

அவன் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மூடியைத் திறந்தான். எதையும் எடுக்கவில்லை. மூடியை முழுசாகப் பின்னால் மடக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். வெள்ளைப் புகையாகக் குளிர் விளிம்பில் வழிந்து வேன் படியில் இறங்கி, செம்மண்ணைத் தொடுவதற்குள் காணாமல் போயிற்று. திரையில் எண் ஏறத் தொடங்கியது. ஒன்பது. பதினான்கு. இருபத்திரண்டு. அத்தனை வெக்கையையும் தான் ஒருவனே குளிர வைத்துவிடுகிறவன் போல மோட்டார் விடாமல் ஓடியது. நான் மூடப் போனேன், அவன் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பேட்டரி இறங்கி மோட்டார் நின்றது. சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டியது. ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. இருவரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரி சற்று மூச்சு வாங்கிக்கொண்டது போலிருக்கிறது. யாரும் தொடாமலே, திறந்த மூடியோடு, மோட்டார் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.