இம்மானுவேல் படிக்க ஒரு புத்தகம்

பம்புசெட் கடை ஜெரோம் தன் கைப்பேசியை உம்மு சல்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, இந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். திரையில் இருந்தது அன்று காலையில் அவள் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான். புதிய நூல்கள் வந்து இறங்கினால் அவள் அப்படிப் போடுவது வழக்கம். அட்டைப்படம், அதன் கீழே தன் சொந்த வார்த்தையில் நாலைந்து வரி. வரலாறு, அரசியல், தொன்மம் இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் அதிகம் சொல்வாள். நாவல்களுக்கு எப்படியும் ஆள் வந்துவிடும் என்பது அவள் எண்ணம். அந்த வாரம் அவள் பரிந்துரைத்திருந்தது ஒரு மொழிபெயர்ப்பு. மனிதர்களைத் தோலின் நிறத்தை வைத்துத் தரம் பிரிக்கும் பழக்கம் எங்கே ஆரம்பித்தது, அது எப்படி விஞ்ஞானம் என்று வேடம் கட்டிக்கொண்டது என்று சொல்லும் நூல். ‘மண்டையோட்டை அளந்து மனிதனை எடை போட்ட கதை’ என்று எழுதியிருந்தாள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவளுடைய புத்தகக் கடையின் முன்பக்கம் முழுவதும் போட்டித் தேர்வு கைடுகளும் பில் புத்தகங்களும். சோறு போடுவது அவைதான். பின்பக்கத்து இரண்டு அலமாரிகள் மட்டும் சல்மாவின் ஆசைக்கு. அங்கே வருகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்: கல்லூரி ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள் சிலர், ஒரு வக்கீல். பக்கத்துத் தெரு ஜெரோம் இதுவரை அந்தப் பக்கம் வந்ததே இல்லை. நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை ஓட்டி முதல் இரண்டு பக்கங்களைப் படித்தார். பிறகு, ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு இருக்கிறதாமே, அதைப் பற்றியும் ஏதாவது இருக்கிறதா என்றார்.

கடலோரக் கோட்டைகளிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றி விற்ற வரலாறு ஒன்று இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் தொன்மங்களைத் திரட்டி ஆராய்ந்த புது நூலும் ஒன்று. இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். முதலாவதை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், மனசு தாங்காது, நடுநடுவே இரண்டாவதைப் படியுங்கள் என்றும் சொல்லி அனுப்பினாள். இந்த மனிதருக்கு எதற்கு இதெல்லாம் என்ற கேள்வி அவர் போன பிறகும் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாள்.

அடுத்த முறை வந்தபோது அவரே சொன்னார். மகள் ஷைனி டப்ளினில் நர்ஸ். கூட வேலை செய்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பெயர் இம்மானுவேல், கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். வீட்டில் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது. தூத்துக்குடியா நாகர்கோவிலா என்று அவர் மனைவி ஜெயமேரி கேட்டாள். அப்புறம்தான் ஷைனி புகைப்படத்தை அனுப்பினாள். கானாக்காரர். அன்றிலிருந்து மகளின் போன் வந்தால் ஜெயமேரி துணி எடுக்க மாடிக்குப் போய்விடுகிறாள்.

“எம்மகளை மூணு எடத்துல நெறம் கம்மின்னு சொல்லித் தட்டிவிட்டாங்கம்மா. இப்ப எம்பொண்டாட்டி அந்தத் தம்பிய அதே வார்த்தைய வச்சுச் சொல்றா. நானும் மொதல்ல அதத்தேன் நெனச்சேன். எங்கிருந்து வந்துச்சு இந்த நெனப்புன்னு ஒரு யோசன. அதுக்குத்தேன் வாங்குனேன்.”

நிறத்தைப் பற்றிய புத்தகத்தில் பாதியோடு நின்றிருந்தார். கப்பல் புத்தகத்தை, அவள் எச்சரித்த மாதிரியே, அடிக்கடி மூடிவைக்க வேண்டியிருந்ததாம். தொன்மங்களை மட்டும் முடித்துவிட்டார். அதில் ஒரு கதை. முன்பெல்லாம் வானம் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. ஒரு பெண்பிள்ளை உரலில் கிழங்கை இடித்தபோது ஒவ்வொரு இடிக்கும் உலக்கை வானத்தின்மேல் பட்டுக்கொண்டே இருந்தது. வலி பொறுக்காமல் வானம் மேலே போய்விட்டது. இதை அவர் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தபோது, அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “ஒலக்கை இல்ல. வெளக்கமாறு.” ஜெயமேரி பிறந்த ஊரில் அந்தக் கதை அப்படித்தானாம். வாசல் பெருக்கிய ஒருத்தியின் விளக்குமாறு பட்டுத்தான் வானம் கோபித்துக்கொண்டு போனது. நாலு கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு நம் வீட்டுக் கதை எப்படிப் போயிற்று, அல்லது அவர்களுடையது நமக்கு எப்படி வந்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சு அது.

அந்தக் கேள்விதான் ஜெயமேரியை மாடியிலிருந்து இறக்கியது. அடுத்த போனில், இம்மானுவேல் வீட்டில் சொல்வது உலக்கையா விளக்குமாறா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். ஷைனி கைப்பேசியை இம்மானுவேலிடம் கொடுத்துவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உலக்கைதான், அம்மா இப்போதும் இடிக்கிறாள் என்றார். பிறகு அவர் ஒன்று கேட்டார். ஷைனி அதைத் தமிழில் சொன்னாள். உங்களைப் பற்றியும் உங்கள் ஊரைப் பற்றியும் தெரிந்துகொள்ள நான் என்ன படிக்க வேண்டும்?

ஜெரோம் அந்தக் கேள்வியோடு கடைக்கு வந்தார். இங்கிலீஷ்ல இருக்கணும், நல்லதா ஒண்ணு குடும்மா என்றார்.

சல்மாவிடம் இரண்டு இருந்தன. ஒன்று வழவழப்பான தாளில் மலைக்கோட்டையும் பூட்டும் பிரியாணியும் பூ மார்க்கெட்டும் நிறைந்த படப் புத்தகம். இன்னொன்று அந்த மாதம்தான் வந்தது. இந்தச் சமவெளியின் கத்தோலிக்கக் கிராமங்களில் பல வருடங்கள் சுற்றி ஒரு பெண் எழுதிய வரலாறு. வந்த அன்றே சல்மா அதைப் படித்திருந்தாள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியது, பள்ளிக்கூடம் வந்தது, பெண்கள் ஆசிரியைகளானது எல்லாம் அதில் இருந்தன. கோயிலில் சாதிக்கு ஒரு வாசலும், செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சுவரும் இருந்தன. அந்தச் சுவர் இருந்த ஊரின் பெயர், ஜெரோமின் சொந்த ஊராக அவர் கடைப் பெயர்ப்பலகையிலும் இருந்தது.

முதலாவதை நீட்டிவிட்டால் போதும். அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். அவளுக்கும் கஷ்டமில்லை. கை அந்தப் பக்கம் போகவும் செய்தது. ஆனால் ஒரு புத்தகம் தனக்குப் பிடித்திருந்தும் அதை ஒளித்துவைத்து வேறொன்றைக் கொடுப்பது அவளுக்கு இதுவரை பழக்கமில்லை.

“அண்ணே, நல்லதுன்னு கேட்டா இதத்தான் சொல்லுவேன். ஆனா இதுல உங்க ஊரு இருக்கு. நீங்க செத்த நேரம் படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

அவர் நின்றபடியே படித்தார். ஆங்கிலம் தடுமாறிய இடங்களில் அவள் பொருள் சொன்னாள். சுவர் கட்டச் சிமெண்டும் செங்கல்லும் கொடுத்தது ஊரில் வசதியாக இருந்த ஒரு குடும்பம் என்ற வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

“பேரு போடல. ஆனா இது எங்கப்பாதேன்.”

புத்தகத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பக்கத்துத் தெரு வழியாகப் போகும்போது, மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் குனிந்திருக்கும் அவர் முதுகை மட்டும் பார்த்தாள். தான் செய்தது சரியா என்று இரண்டு விதமாகவும் யோசித்தாள். ஒரு குடும்பம் அப்போதுதான் வாய் திறந்து பேச ஆரம்பித்திருந்தது. அதை ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் அடைத்துவிட்டோமோ என்று நினைத்தபோது ஸ்டேட்டஸ் போடக்கூட மனசு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜெயமேரி வந்தாள். பின்னால் ஜெரோம். அவள் ஸ்டூலில் உட்காரவில்லை. “அந்தச் சொவரு இருக்கிற பொஸ்தகம் எது?” என்று கேட்டாள். சல்மா எடுத்துக் கொடுத்ததும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபடி நின்றாள். புருஷன் நாலு நாளாகச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது சுவர் அல்ல. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவள், அந்தப் பக்கம் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று தான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான்.

சல்மா படப் புத்தகத்தையும் எடுத்து முன்னால் வைத்தாள். ஜெயமேரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தள்ளிவைத்தாள். பிரியாணியைப் பற்றி ஷைனியே சொல்லியிருப்பாள் என்றாள்.

ஜெரோம் அலமாரியைப் பார்த்தபடி கேட்டார். “இதப் படிச்சிட்டு, இப்பிடிப்பட்ட வீட்டுல பொண்ணு வேணாம்னு அந்தத் தம்பி சொல்லிட்டா?”

“சொல்லட்டும். வேணாம்னு நாம மட்டுந்தேன் சொல்லணுமா?” என்றாள் ஜெயமேரி.

ஜெயமேரி சல்மாவிடம் பேனா கேட்டாள். புத்தகத்தை மேசையில் விரித்து, அச்சில்லாத முதல் பக்கத்தில் தமிழிலேயே எழுத ஆரம்பித்தாள். ஷைனி படித்துச் சொல்வாள். ‘அன்புள்ள’ என்று எழுதினாள். அடுத்து உறவுமுறை வர வேண்டும். தம்பி என்று எழுதுவதா, மாப்பிள்ளை என்று எழுதுவதா என்று புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வடமதுரைப் பேருந்தில் மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேனா முனை தாளுக்கு ஒரு நெல் உயரத்தில் நின்றது. மின்விசிறிக் காற்றில் பக்கம் மேலெழும்ப, சல்மா அதன் ஓரத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.